கை காட்டிவிட்டுப் போனவள்

2015 டிசம்பர் இரண்டாம் தேதி காலை ஏழேகால் மணிக்கு யுவராணி தரையைவிட்டு எழும்பினாள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவள் கால் தரையில் படவில்லை. சென்னை ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் அவள் வீட்டுக்குள் அப்போது இடுப்பளவு தண்ணீர். அரிசி டப்பாவைப் பரண்மேல் வைக்க எக்கியவள், எக்கிய வேகத்தில் பரண் உயரத்துக்கே போய் அங்கேயே நின்றுவிட்டாள். மிதக்கிற காலி சிலிண்டரை ஒரு கையிலும் டி.வி.யை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ஆட்டோ டிரைவர் கஜபதி நிமிர்ந்து பார்த்து, "மேலதான கீற, அப்டியே பீரோ மேல கீற ரேஷன் கார்ட எடு" என்றார். ஆச்சரியப்படுவதற்கு அன்றைக்கு யாருக்கும் நேரம் கிடையாது. தண்ணீர் வடிந்து, வீடு கழுவி, பாயெல்லாம் காய்ந்த பிறகும் அவள் நான்கு விரற்கடை உயரத்திலேயே நின்றாள்; எக்கினால் இன்னும் மேலே போக முடிந்தது. செருப்பு தேயவில்லை என்பது ஒன்றுதான் அதில் அவள் கண்ட லாபம்.

அந்த வாரத்தில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் மொத்தம் இருபத்திரண்டு பேர் இப்படி எழும்பினார்கள். வெயில் வந்ததும் பதின்மூன்று பேர் சளி பிடித்துக் கீழே இறங்கிவிட்டார்கள். மிச்சம் ஒன்பது பேரை என்ன கணக்கில் சேர்ப்பது என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியவில்லை. பறவை என்றால் ஒரு துறை, விமானம் என்றால் வேறு துறை. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற உலகநாதன், தானே எழும்பாதவர், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர், அந்த ஒன்பது பேரையும் தேடிப்பிடித்துக் கூப்பிட்டு 'மேற்குப் புறநகர் பொதுமக்கள் வான்மீட்புத் தொண்டர் சேவை' என்று ஒன்றைத் தொடங்கினார். பெயர்ப்பலகை அவர் வீட்டு முகப்பைவிட நீளமாகிவிட்டதால் 'சேவை' மட்டும் பக்கத்துச் சுவரில் இருந்தது. ஒரு தென்னைமர உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆளுக்கொரு ரெயின்கோட், அதன் முதுகில் ஒரு எண். காப்பாற்றுகிற ஆளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு பறப்பது என்று முறை வகுத்தார்கள், வேறு முறை தோன்றவில்லை.

யுவராணி சேர்ந்தது எல்லாருக்கும் கடைசியாக, 2021-இல். அதுவரை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஹை ஹீல்ஸ் போடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷ மழையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கல்யாண அண்டாவில் உட்காரவைத்து நான்கு பேர் தள்ளிக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். அந்தப் பெண் அண்டாவின் விளிம்பைப் பிடித்திருந்த பிடி அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாளே போய் விண்ணப்பம் வாங்கினாள். இரண்டு போட்டோ, ஆதார் நகல், குடும்பத்தார் தடையில்லாக் கடிதம். கஜபதி கையெழுத்துப் போட்டுவிட்டு, அடியில் 'சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட வேண்டும்' என்று தன் பங்குக்கு ஒரு நிபந்தனையும் எழுதிக் கொடுத்தார்.

அவள் கம்பெனியில் பிரேக் சாமான்களைத் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள். பிசிறு உண்டா, அளவு சரியா, துளை சரியா என்று கட்டத்துக்குக் கட்டம் டிக் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? சேர்ந்த மாதமே, உதவி கேட்டு போன் வந்தால் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி, அழைப்புகளைப் பதிகிற நோட்டின் அட்டையில் ஒட்டினாள். அதில் முதல் கேள்வி: 'பழைய எண்ணா, புதிய எண்ணா?' இந்தப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவு எண். ரேஷன் கார்டில் ஒன்று, கரண்டு பில்லில் இன்னொன்று. புதிய ஒன்பது ஒரு கோடியில் இருக்கும், பழைய ஒன்பது இருபத்து மூன்றாகிப்போய் இன்னொரு கோடியில் இருக்கும். பாதிப் பேர் ஒன்றைச் சொல்வார்கள், பாதிப் பேர் மற்றதை. கூரியர்காரர்கள் தினம் திட்டிக்கொண்டே அலைவது இதனால்தான். அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்த பிறகு சேவையில் ஒரு தடவைகூட வீடு மாறவில்லை. உலகநாதன் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்வார்.

2023 டிசம்பர் நாலாம் தேதி காலை பதினொரு மணிக்கு, மற்ற எட்டு பேரும் வெளியே பறந்துகொண்டிருக்க, போனை எடுத்தது யுவராணி. பேசியது நிஷா என்ற பெண். பூந்தமல்லியில் ஒரு செல்போன் கடையில் வேலை, கடையிலேயே மாட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா கெங்கம்மாள் காட்டுப்பாக்கம் கன்னியம்மன் கோயில் தெருவில் தனியாக, ஏணிவைத்து ஏறி வீட்டு ஜன்னலுக்கு மேலிருக்கிற சன்ஷேடில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா கிடையாது, கூடப்பிறந்தவர்களும் கிடையாது. "நம்பர் ஒம்போதுக்கா. சீக்கிரம் போக்கா, அதுக்கு நீச்சல் தெரியாது, எனக்கு வேற யாரும் இல்லக்கா" என்று நிஷா அழுதாள். அழுகிற பெண்ணிடம் பட்டியல் படிக்க யுவராணிக்கு மனசு வரவில்லை. "அழாத, தோ வந்துட்டேன்" என்று சொல்லி, நோட்டில் ஒன்பது என்று எழுதி, டிக் போட்டுவிட்டு எழும்பினாள். கேட்காத கேள்விக்கு டிக் போட்டது அவள் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

காட்டுப்பாக்கத்தில் அன்றைக்குத் தெரு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. எல்லா மாடியிலிருந்தும் எல்லாரும் கை ஆட்டினார்கள். கை ஆட்டுகிறவர்களுக்காக நிற்கக்கூடாது, நோட்டில் பதிந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்பது சேவையின் விதி. நின்றால் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. கன்னியம்மன் கோயில் தெருவுக்குள் நுழைந்ததும், முதல் சில வீடுகளில் ஒன்றில், சன்ஷேடு மேலே நடுவயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து சிவப்பு பிளாஸ்டிக் மக்கை ஆட்டினாள். யுவராணி அவளைப் பார்த்தாள். அங்கேயே இரு, உனக்கும் ஆள் வரும் என்கிற அர்த்தத்தில் பதிலுக்குக் கை காட்டினாள், சிரிக்கவும் செய்தாள், தாண்டிப் போய்விட்டாள்.

புதிய எண் ஒன்பதில் துலுக்கானம் என்ற பெரியவர் மொட்டைமாடியில் இரண்டு கோழிகளோடு இருந்தார். "நான் யாரயும் கூப்டலியேம்மா" என்று நேர்மையாகச் சொன்னார். "சரி, வந்ததுதான் வந்துட்ட, இட்டுகினு போ." அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த அம்மாளை அக்கம்பக்கத்தில் யாராவது அதற்குள் இறக்கிக் கூட்டிப்போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். துலுக்கானம் அறுபத்தெட்டு கிலோ. கோழிகளைப் பையில் போட்டுக்கொள்ளாமல் வரமாட்டேன் என்றுவிட்டார், ஒரு கோழி பிடிபடவே கால்மணி நேரம் ஆயிற்று. அவரை முகாம் போட்டிருந்த கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துப் போனைப் பார்த்தால் நிஷாவிடமிருந்து பதினேழு அழைப்பு. திரும்பிப் பறந்து போனபோது அந்த வீட்டில் சன்ஷேடும் இல்லை, அது ஒட்டியிருந்த சுவரும் இல்லை. ஏணி மட்டும் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. உடைந்த சுவரின் மிச்சத்தில் இரண்டு எண்ணும் எழுதியிருந்தது: பழசு ஒன்பது, புதுசு இருபத்து மூன்று.

கெங்கம்மாள் மூன்றாம் நாள் கிடைத்தாள். கடைசியாக அவள் மகளோடு போனில் பேசியது இவ்வளவுதான் என்று நிஷா பின்னாளில் உலகநாதனிடம் சொல்லியிருக்கிறாள்: "ஒரு பொண்ணு மேல பறந்துகினு போவுதுமே. நான் மக்க ஆட்டுனேன், என்ன பாத்து கைய காட்டிட்டுப் போவுது. நல்ல பொண்ணு. தோ, திரும்பி வரும்."

அந்த நாலாம் தேதி மாலை நாலு மணிக்கு, மண்டபத்து வாசலில், யுவராணியின் கால் தரையில் பட்டது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தொட்ட முதல் மண் சேறு. அதோடு நின்றிருந்தால் சாதாரண மனுஷியாகிவிட்டாள் என்று விட்டிருக்கலாம். நிற்கவில்லை. மறுநாள் கட்டில் முறிந்தது, அடுத்த நாள் சமையலறையில் டைல்ஸ் வெடித்தது. கஜபதி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவில் உட்காரவைத்தபோது முன்சக்கரம் மேலே தூக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரோடு அவரும் தொங்கினார். பார்வைக்கு அவள் அதே யுவராணிதான், ரவிக்கை அளவுகூட மாறவில்லை. டாக்டர் தைராய்டு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கடைசியில் எஸ்டேட்டில் லாரி நிறுக்கிற எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. அங்கே கொடுத்த சீட்டில் வழக்கப்படி 'வண்டி: காலி' என்று அச்சாகியிருந்தது.

சேவையின் பதிவில் உலகநாதன் 'முகவரிக் குழப்பம்' என்று எழுதிவைத்தார். யுவராணி போய் அதை அடித்துவிட்டு, 'நான் கேட்கவில்லை' என்று எழுதினாள். கஜபதி அவளைத் தேற்றிப் பார்த்தார். அன்றைக்கு அவள் மட்டும் பதினான்கு பேரைத் தூக்கியிருக்கிறாள் என்றார், யாராக இருந்தாலும் நடக்கக்கூடியது என்றார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கை காட்டியதைக்கூட அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம், எதற்காக அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தோம்?

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் போனாள். வேறு வண்டி தாங்காது என்று ஏறிப்போன டிப்பர் லாரி மெயின் ரோட்டில் விட்டுவிட்டது, அங்கிருந்து நடந்தாள். அவள் நடந்த வழியில் சிமெண்டு ரோடு கீறல் விட்டது, இன்றைக்கும் பார்க்கலாம். பந்தலிலிருந்து நிஷா எழுந்து வாசலுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயசு, ஒல்லி, கண் வீங்கியிருந்தது. அவள் கத்தவில்லை, திட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க அம்மா மக்க ஆட்டுச்சே, நீ பாத்தியா?"

மழையில் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். லாரியில் ஏற்றிவிடும்போது அப்படித்தான் சொல்லச்சொல்லி கஜபதி சொல்லியனுப்பியிருந்தார்.

"பாத்தேன்" என்றாள் யுவராணி. "பாத்துட்டுதான் போனேன்."

நிஷா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்களே, அதற்காகவே கஜபதி அவளை மறுபடி எடைமேடைக்குக் கூட்டிப்போனார். அதே நானூற்றுப் பன்னிரண்டு.

பத்து மாசம் போயிற்று. கம்பெனியில் அவளைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். தெருவில் எல்லாருக்கும் அவள் எடை பழகிவிட்டது. சரிவில் நிற்கிற வண்டி உருளாமலிருக்க அவளைக் கொஞ்சநேரம் சாய்ந்து நிற்கச் சொல்வார்கள், அவளும் நிற்பாள். சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு 2024 அக்டோபரில், முதல் பெரிய மழை பெய்த அன்று, பூந்தமல்லி செல்போன் கடையில் நிஷா எழும்பிப் போய்க் கூரையில் இடித்துக்கொண்டாள்.

அவள் சேவையில் சேர வந்தது யாரும் எதிர்பார்க்காதது. உலகநாதனே விண்ணப்பத்தைக் கொடுக்கத் தயங்கினார். "நானூறு பேர் ஊட்டு மாடில குந்திகினு கீறாங்க, எல்லார்க்கும் ஒரு பொண்ணு போன்ல அழுதுகினு கீறா. நான் போறேன் சார்" என்றாள் நிஷா. ஆனால் அவளுடைய எழும்பல் மற்றவர்களுடையதைப் போல இல்லை. மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள்; இவள் விட்டால் போய்க்கொண்டே இருந்தாள். தென்னைமரத்தைத் தாண்டி, செல்போன் டவரைத் தாண்டிப் போய், ஒருதரம் டவர் உச்சியிலிருக்கிற சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் கத்தினாள். இடுப்பில் கயிறு கட்டி மூன்று பேரைப் பிடிக்கச்சொன்னார்கள்; கயிற்றோடு மூன்று பேரும் மேலே போனார்கள். வீட்டில் இருக்கும்போது இடுப்பில் ஒரு முழு சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான் அவளால் சமைக்கவே முடிந்தது. இவளைக் கீழே பிடித்துக்கொள்ளக்கூடியவள் சென்னைக்கு மேற்கே ஒருத்திதான் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். உலகநாதன் அந்தப் பெயரை எடுத்ததும் நிஷா எழுந்து போய்விட்டாள். இரண்டாவது தடவை எடுத்தபோதும் போய்விட்டாள்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. மாங்காட்டுப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது, நோட்டில் அறுபது வீடு பதிந்து கிடக்கிறது, ஆள் பற்றவில்லை. காலை எட்டு மணிக்கு யுவராணி வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். சிலிண்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, எண்பது மீட்டர் நைலான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிஷா நின்றாள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத" என்றாள். "மன்னிக்கல. இந்தக் கயித்த புடிச்சிகினு நில்லு, விட்டுடாத. அது போதும்."

"விடமாட்டேன்" என்றாள் யுவராணி. கஜபதி டீ போடட்டுமா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் போடவில்லை.

மாங்காட்டில் மூன்று தெரு சேருகிற இடத்தில், மார்பளவு தண்ணீரில், யுவராணியை டிப்பரிலிருந்து இறக்கினார்கள். வெள்ளம் மோட்டார் சைக்கிளையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியையும் உருட்டிக்கொண்டு போனது, அவள் அசையவில்லை. நிஷா தானே முடிச்சைப் போட்டாள், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், சிலிண்டரைக் கழற்றினாள், போய்விட்டாள். ஒரு சுண்டு சுண்டினால் கயிறு விடவேண்டும், இரண்டு சுண்டினால் இழுக்கவேண்டும். முதுகில் வருகிறவர்களுடைய சுமை அவளுக்குத் தெரியவே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேரை, ஒரு தடவை தையல் மிஷினோடு ஒரு குடும்பத்தையே கொண்டுவந்தாள். மதியத்துக்குள் முப்பத்தொரு பேர். போகிற போக்கில் சிலர் ஒரு ஆட்டையும் இரண்டு ஸ்கூட்டரையும் யுவராணியின் இடுப்பில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கயிறு கை தோலை உரித்துக்கொண்டிருந்தது.

ஒரு மணிவாக்கில் கயிறு ஒரு சுண்டு சுண்டியது. விடுவதற்குக் கயிறு இல்லை, எண்பது மீட்டரும் போய்விட்டது. யுவராணி நிமிர்ந்து பார்த்தாள். நிஷா கயிறு விறைக்க நின்றுகொண்டு, வெகுதூரத்தில் ஒரு மொட்டைமாடியைக் காட்டினாள். அங்கே ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். டிப்பர் மேலிருந்து உலகநாதன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த வீடு பதியவில்லை, அடுத்த வீட்டுக்குப் போகச்சொல் என்று கத்தினார். அவர் சொன்னது விதிதான், தப்பில்லை. யுவராணி ஆட்டை அவிழ்த்துவிட்டாள், ஸ்கூட்டர்களை அவிழ்த்துவிட்டாள், தண்ணீருக்கு எதிராக நடக்க ஆரம்பித்தாள். அடிக்கு அடி ரோடு உடைந்து கால் முழங்கால்வரை இறங்கியது. பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். தண்ணீர் மார்பிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து மோவாய்க்கும் ஏறியது. எழுபத்திரண்டு அடி நடந்தாள். கடைசி அடிகளில் அவள் தலை தண்ணீருக்குள் போய்விட்டது என்றும், கயிறு பிடித்த இரண்டு கை மட்டும் வெளியே தெரிந்தது என்றும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மாடியில் இருந்தவன் பெயர் ஸ்ரீகாந்த், ஐ.டி.யில் வேலை. வீட்டில் மூன்று நாளுக்குச் சாப்பாடு, இன்வெர்டர் எல்லாம் இருந்தது. பறக்கிற பெண்ணைப் பார்த்ததில் சந்தோஷமாகி, "சும்மாதான் கைய காட்டினேங்க" என்றான். நிஷா அவன் சட்டையைப் பிடித்து முதுகில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வரும்வழியில் அவன் எவ்வளவோ எடுத்துச் சொன்னான், அவள் காதில் வாங்கவில்லை. அவனை டிப்பரில் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, தண்ணீருக்குள் கைவிட்டு யுவராணியின் தலைமுடியைப் பற்றி முகத்தை மேலே தூக்கினாள்.

"மூச்சு விடு" என்றாள். "விடுக்கா."

யுவராணியைச் சேற்றிலிருந்து எடுக்க ஒரு பொக்லைன் வரவேண்டியதாயிற்று. அது வர இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் நிஷா அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, கால் மேலேயும் தலை கீழேயுமாகத் தொங்கினாள். இப்போதும் மழைக்காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள், வேலை விஷயம் தவிர வேறு பேச்சு கிடையாது. யுவராணியின் எடை இன்றைய தேதிக்கு நானூற்று ஒன்பது. அந்த மூன்று கிலோவைப் பற்றிக் கஜபதி மட்டும் சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கை ஆட்டுகிறவர்களுக்காக நிற்கக்கூடாது என்ற விதியைச் சேவை எடுத்துவிட்டது. இப்போது யார் ஆட்டினாலும் போகிறார்கள், போனால் தூக்காமல் வருவதில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. ஆகவே ஐப்பசி பிறந்துவிட்டால் ஆவடியிலிருந்து மாங்காடுவரை யாரும் யாருக்கும் சும்மா கை காட்டுவதில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஸ்கூல் வேனில் போகிற குழந்தைகள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகின்றன.